பாக்டீரியா செல், தாவர செல், விலங்கு செல்: எங்கிருந்து ஒப்பிடத் தொடங்குவது?

மூன்று செல்களையும் ஒப்பிடச் சொன்னால் பலரும் 'உண்டு, இல்லை' என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பிவிடுவார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் எது எதனால் வந்தது என்பது அந்தக் கட்டத்தில் தெரியாது. தண்ணீரில் போட்டால் ஒவ்வொரு செல்லும் என்ன ஆகும் என்று கேட்டுத் தொடங்குவதுதான் நல்ல வழி என்பேன்.

மனித ரத்தச் சிவப்பணுக்களைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டால், சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து, அவை உப்பி வெடித்துவிடும். அதே நீரில் ஓர் இலைச் செல்லைப் போடுங்கள். அதுவும் நீரை உறிஞ்சும், ஆனால் வெடிக்காது. ஓரளவுக்கு மேல் செல் சுவர் எதிர்த்துத் தள்ளும், நீர் புகுவது நின்றுவிடும். இந்த விறைப்பு அழுத்தம் கார் டயரின் காற்றழுத்தத்தையே மிஞ்சக்கூடியது. தண்டும் இலையும் நிமிர்ந்து நிற்பது பெருமளவு இதனால்தான். தண்ணீர் இல்லாத செடி துவளுவதும் இது குறைவதால்தான். பாக்டீரியாவுக்கும் சுவர் உண்டு, அதனால் அதுவும் தாக்குப்பிடிக்கும்.

விலங்கு செல்லுக்குச் சுவர் இல்லை. அதனால் ரத்தத்தின் உப்புச் செறிவை உடல் ஓயாமல் சீராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நரம்பில் ஏற்றும் சலைனில் 0.9 சதவீதம் உப்பு இருப்பதும் செல்கள் உப்பாமலும் சுருங்காமலும் இருக்கத்தான். ஆனால் சுவர் இல்லாததில் பெரிய லாபமும் இருக்கிறது. வெள்ளணு உருவத்தை மாற்றி நகர்ந்துபோய் ஒரு பாக்டீரியாவை அப்படியே விழுங்கும். தாவர செல்லால் இது முடியாது. பக்கத்துச் செல்களோடு ஒட்டிக்கொண்டு, பிறந்த இடத்திலேயே அது வாழ்ந்து மடியும்.

தாவரம், பாக்டீரியா இரண்டுக்கும் சுவர் இருந்தாலும் பொருள் வேறு. தாவரத்தில் முக்கியமாகச் செல்லுலோஸ், பாக்டீரியாவில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்த பெப்டிடோகிளைக்கான். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின், இந்தப் பெப்டிடோகிளைக்கான் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைத் தடுக்கிறது. வளரும் பாக்டீரியாவின் சுவர் பலவீனமாகி, செல் வெடிக்கிறது. நம் செல்லில் அந்தச் சுவரே இல்லாததால் நம் செல்களை அது இப்படி வெடிக்க வைப்பதில்லை. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவிடம் பென்சிலின் பலிக்காததும் இதே காரணத்தால்தான்.

அப்புறம், டிஎன்ஏவைச் சவ்வு உறைக்குள் வைத்திருக்கும் உட்கரு. இங்கே தாவரமும் விலங்கும் ஒரு பக்கம், பாக்டீரியா மறுபக்கம். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம்தான். விலங்கு செல் பொதுவாக 10 முதல் 30 மைக்ரோமீட்டர், தாவர செல் 100 வரைகூடப் போகும். அந்தச் சின்ன ஈ.கோலைக்குள் ஏறத்தாழ 46 லட்சம் இணை எழுத்துகள் கொண்ட வட்ட டிஎன்ஏ, எந்த உறையும் இல்லாமல் சைட்டோபிளாசத்திலேயே சுருண்டு கிடக்கிறது. உறை இல்லாதது குறை என்று நினைக்க வேண்டாம். மரபுச் செய்தியை ஆர்என்ஏ-வாக நகலெடுத்து முடிப்பதற்குள்ளேயே, நகலின் மறுமுனையில் ரைபோசோம்கள் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடும். நம் செல்லிலோ நகல் உட்கருவுக்குள் முழுமையாகத் தயாராகி, வெளியே வந்த பிறகுதான் புரதம். வசதியான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது என்றால், அந்த வேகத்துக்கு இந்த எளிய அமைப்பு கைகொடுக்கிறது.

தாவரத்துக்கும் விலங்குக்கும் உள்ள மற்ற வேறுபாடுகள் கொஞ்சம்தான். முதிர்ந்த தாவர செல்லின் பெரும்பகுதியை நடுவிலுள்ள ஒரே பெரிய நுண்குமிழ் அடைத்துக்கொள்ளும், உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்படும். விலங்கில் லைசோசோம் செய்யும் சிதைப்பு வேலையில் பெரும்பங்கு தாவரத்தில் இந்த நுண்குமிழுக்கு. செல் பிரிவில் பங்கெடுக்கும் சென்ட்ரியோல் விலங்கில் உண்டு, பூக்கும் தாவரங்களில் இல்லை. ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகம் இந்த மூன்றில் தாவரத்துக்கே உரியது என்றாலும், வேர்ச் செல்களில் பொதுவாக இருக்காது. தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பிரித்துப் படிப்பது தவறு. தாவர செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியாவும் வேண்டும், ஏனென்றால் அதுவும் சுவாசிக்கிறது.

சரி, பாக்டீரியா மட்டும் தனி ரகமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களின் வழிவந்தவை. அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967-இல் விரிவாக முன்வைத்து, பின்னர் அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்ட கருத்து இது. இரண்டுக்கும் சொந்த டிஎன்ஏ, பாக்டீரிய வகை ரைபோசோம், இரட்டைச் சவ்வு எல்லாம் இருக்கின்றன. பாக்டீரிய ரைபோசோமைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள், மைட்டோகாண்ட்ரியாவில் குறிப்பிட்ட மரபு மாற்றம் உள்ளவர்களின் கேட்கும் திறனைக் கெடுப்பதும் இந்த உறவால்தான்.

செல் பிரிவதிலும் சுவரின் விளைவையும் இந்தப் பாக்டீரிய உறவையும் பார்க்கலாம். விலங்கு செல் நடுவில் இறுகிப் பிரியும். சுவர் தடுப்பதால் தாவர செல் உள்ளிருந்தே ஒரு தட்டைக் கட்டி இரண்டாகும். பாக்டீரியா எஃப்டிஎஸ்இசட் என்ற புரத வளையத்தை நடுவில் போட்டுப் பிரிகிறது. தாவர செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகம் பிரியும்போதும் இன்றுவரை அதே புரத வளையம்தான்.