பிளேஆஃப் பிரிவுகள்: தலைக்கணக்கா, ஆட்டக்கணக்கா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஃபுட்பாலில் (காலால் உதைக்கும் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) பிளேஆஃப், அதாவது பருவ இறுதியில் நடக்கும் கோப்பைப் போட்டிக்கு அணிகளைப் பிரிக்கும் விதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. எங்கள் பெற்றோர் குழுவில் எதை ஆதரிப்பது என்று கருத்துக் கேட்டபோது, தெற்குக் கலிஃபோர்னியாவின் பள்ளி விளையாட்டு அமைப்பான சி.ஐ.எஃப். சதர்ன் செக்‌ஷன் பின்பற்றும் முறைக்கே நான் கை தூக்கினேன்.

டெக்சஸின் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிகளை 1ஏ (மிகச் சிறியவை) முதல் 6ஏ (மிகப் பெரியவை) வரை வகுக்கிறது. இது வெளிப்படையானது, எளிதானது. ஆனால் தலைகளை எண்ணுவதால் அணியின் பலம் தெரிந்துவிடாது. இல்லினாய், சேர்க்கைக்கு எல்லைப் பகுதி இல்லாத பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65 ஆல் பெருக்குகிறது. 600 பேர் படிக்கும் தனியார் பள்ளி 990 பேர் கொண்டதாகிவிடும். வெற்றி காணாத பள்ளிகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்க வேண்டி வந்ததே, அந்தப் பெருக்கல் பள்ளியின் வகையை அளந்ததே தவிர அணியை அளக்கவில்லை என்பதற்குப் போதிய சான்று.

இண்டியானா 2012-இல் ஏற்றுக்கொண்ட விதி இவற்றைவிட மேலானது. மாநிலப் போட்டியில் ஓர் அணி எந்தச் சுற்று வரை வென்றது என்பதற்கு அது புள்ளி தந்தது. செக்‌ஷனல் வென்றால் 1 புள்ளி, ரீஜனல் 2, செமி-ஸ்டேட் 3, மாநிலக் கோப்பை 4. இரண்டு ஆண்டுகளில் 6 புள்ளிகள் சேர்த்த அணி ஒரு வகுப்பு மேலே ஏற வேண்டும் என்று அது வகுத்தது. களத்தில் நடந்ததே இங்கே கணக்கு. இருந்தும் என்னைத் தடுத்தது கால இடைவெளிதான். பள்ளி அணியில் ஒருவன் அதிகபட்சம் நான்கு ஆண்டுகள்தான் இருப்பான், பெரும்பாலோர் முதன்மை அணியில் ஆடுவது கடைசி இரண்டு ஆண்டுகளில். கோப்பையைத் தூக்கிய குவார்ட்டர்பேக்கும் அவனைக் காத்த லைன்மேன்களும் பட்டம் பெற்றுப் போன பிறகு, அவர்கள் சேர்த்த புள்ளிகளுக்காக மேல் வகுப்பில் அடி வாங்குவது அப்போது பெஞ்சில் இருந்த தம்பிகள். அண்ணன் வாங்கிய கடனைத் தம்பி அடைப்பது போன்ற இந்த ஏற்பாட்டை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

சதர்ன் செக்‌ஷனில் அந்த இடைவெளியே இல்லை. லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகு, அந்தப் பருவத்தின் முடிவுகளையும் எதிரணிகளின் வலிமையையும் வைத்துக் கணினி தரும் தரவரிசைப்படியே பிரிவுகள் அமைகின்றன. 2016 முதல் 2024 வரை, போட்டி நடக்காத 2020 நீங்கலாக, முதல் பிரிவுக் கோப்பையை மேட்டர் டேய், செயின்ட் ஜான் பாஸ்கோ என்ற இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகளே பகிர்ந்துகொண்டன. தலைக்கணக்கு மட்டும் பார்த்தால், இவற்றை எதிர்த்து ஆடும் தலைவிதி எத்தனையோ சாதாரணப் பள்ளிகளுக்கு வாய்த்திருக்கும். இப்போது அவை தமக்கு நிகரானவர்களோடு மோதுகின்றன. நவம்பர் மாத வெள்ளிக்கிழமை இரவில் கடைசிக் கால்பகுதியான நான்காவது குவார்ட்டர் வரை யார் பக்கம் சாயும் என்று தெரியாத ஆட்டம் கீழ்ப் பிரிவுகளிலும் அமைகிறது.

குறைகளும் உண்டு. தோல்விகளோடு வரும் அணி கீழ்ப் பிரிவில் கோப்பை வெல்ல முடிவதும், எந்தப் பிரிவு என்பது கடைசி வாரம் வரை தெரியாததும் பயிற்சியாளர்களின் நியாயமான மனக்குறைகள். மேலும், நான் நேரில் பார்த்தது பள்ளிகள் நெருக்கமாக உள்ள பகுதியை மட்டுமே. ஊருக்கு ஊர் பல மணி நேரப் பயணம் உள்ள மாநிலங்களில் நிகரான எதிரணியைத் தேடிப் பேருந்து எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்த பிறகே அங்கும் இதைப் பரிந்துரைப்பேன்.