விரைப் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு: மருத்துவம் சிறப்பு, முன்னறிவிப்பில் குறை

விரையில் வலியில்லாத ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டதைத் தொடர்ந்து, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை, கீமோதெரபி, தொடர் கண்காணிப்பு ஆகிய மூன்றையும் பெற்றேன். அந்தப் பிரிவின் மருத்துவத் திறனில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நோயாளிக்கு எதை எந்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதில் அங்கே கவனம் போதவில்லை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், இந்தப் புற்றுநோய் இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஹெச் ஆகிய பொருட்களுக்கான இரத்தப் பரிசோதனைகளும் தாமதமின்றி எடுக்கப்பட்டன. அடுத்து, அறுவை மருத்துவர் படம் வரைந்து விளக்கியதையே இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். பொதுவாக இந்நோயில் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பதில்லை என்றும், விரையைக் கவட்டின் வழியாக முழுமையாக அகற்றிய பிறகே ஆய்வுக்கு அனுப்புவார்கள் என்றும் சொன்னார். விதைப்பையிலேயே கீறினால் என்ன என்று கேட்டேன். கருவில் விரைகள் வயிற்றுக்குள் உருவாகிப் பின்னர் கீழிறங்குவதால் அவற்றின் நிணநீர் வயிற்றின் பின்புறம் பெருந்தமனியை ஒட்டிய கணுக்களுக்கே செல்கிறது. விதைப்பைத் தோலின் நிணநீரோ கவட்டுக் கணுக்களுக்குச் செல்கிறது. ஆகவே அங்கே கத்தி வைத்தால் நோய் பரவ இன்னொரு வழி திறந்துவிடக்கூடும் என்றார். அச்சத்தோடு அமர்ந்திருப்பவருக்கு இப்படிக் காரணத்தோடு கிடைக்கும் பதில், வெறும் ஆறுதல் மொழிகளைவிடப் பெரிய துணை.

ஆய்வில், விரைப் புற்றுநோயின் இரு முக்கிய வகைகளில் ஒன்றான ‘செமினோமா அல்லாத’ வகை என்று தெரிந்தது. வயிற்றுக் கணுக்களிலும் பரவல் இருந்ததால், பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று மருந்துகளும் சேர்ந்த பிஇபி சிகிச்சையை, 21 நாட்களுக்கு ஒரு சுற்று வீதம் மூன்று சுற்றுகள் தந்தார்கள். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினைக் கூட்டு மருந்தாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், பரவிய நிலையிலும் பெரும்பாலோர் முற்றிலும் குணமாகும் நோயாக இது மாறியது. அதே மருந்து சிறுநீரகத்தையும் செவித்திறனையும் பாதிக்கக்கூடியது; பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. இவற்றையெல்லாம் முன்கூட்டியே பரிசோதித்து, ஒவ்வொரு சுற்றிலும் நரம்பு வழியாகப் போதிய திரவம் ஏற்றி, காதில் இரைச்சல் கேட்கிறதா என்று செவிலியர்கள் மறவாமல் விசாரித்தார்கள். அவர்களுடைய பொறுமைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

குறை என்று நான் சொல்வது விந்தணுச் சேமிப்பைப் பற்றியது. கீமோதெரபி விந்தணு உற்பத்தியைச் சில காலத்துக்கு நிறுத்திவிடும். சிலருக்கு அது திரும்புவதே இல்லை. முன்னதாகவே விந்தணுவைக் கொடுத்து, திரவ நைட்ரஜனில் கழித்தல் 196 டிகிரி செல்சியஸில் உறையவைத்தால், பல ஆண்டுகள் கழித்தும் பயன்படுத்த முடியும். இந்நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கே வருவதால், அறுவை சிகிச்சைக்கு முன்பே பேச வேண்டிய செய்தி இது. எனக்கோ, மருந்து ஏற்றுவதற்கு முந்தைய நாள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போதுதான் ஒரு வரியில் சொல்லப்பட்டது. விந்தணு வங்கிக்கு ஓடி ஒரே ஒரு மாதிரியை மட்டுமே தர முடிந்தது. அவகாசம் கிடைத்திருந்தால் இரண்டு மூன்று மாதிரிகள் சேமித்திருக்கலாம். திருமணமாகாத இளைஞர் ஒருவர் கூச்சத்தால் இதைத் தானாகக் கேட்கமாட்டார் என்பதை அந்தப் பிரிவு அறியாமல் இருக்க முடியாது. சிலிகோன் செயற்கை விரை பொருத்திக்கொள்ளும் வாய்ப்பையும் அறுவை முடிந்த பிறகே தெரிவித்தார்கள். வேண்டுமென்றால் அதே அறுவையிலேயே பொருத்தியிருக்க முடியும்.

கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிறது. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் தேதிகளை அவர்களே நினைவூட்டுகிறார்கள். எஞ்சிய விரையை மாதந்தோறும் தடவிப் பார்க்கவும் கற்றுத் தந்தார்கள். சிகிச்சைக்காக இந்தப் பிரிவை நம்பிச் செல்லலாம் என்றே பரிந்துரைக்கிறேன். ஆனால் முதல் சந்திப்பிலேயே, அவர்கள் சொல்லும்வரை காத்திராமல், விந்தணு வங்கியைப் பற்றி நீங்களே கேளுங்கள்.