ஆப்பிரிக்காவா, மண்டபமா: காட்டுக் குற்றத்தைத் தடுக்க எங்கே போகலாம்?

என் அக்கா மகளுக்கு 24 வயது. சட்டம் முடித்துவிட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறாள். சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடிந்த வாரத்தில் செல்போனை நீட்டியபடி வீட்டுக்கு வந்தாள். “சித்தி, காண்டாமிருக வேட்டையைத் தடுக்கிற வேலை. ஆப்பிரிக்கா. மூணு வாரம். போகட்டுமா?” விமான டிக்கெட் சேர்க்காமலே ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய் கேட்டிருந்தார்கள். நகையை அடகு வைத்துக் கொடுக்க அக்காவும் தயாராக இருந்தாள்.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காசு கட்டிப் போகும் முகாம், ஐ.நா. தன்னார்வலர் பணி, வீட்டிலிருந்தே இணையம் வழியாகச் செய்யும் வேலை, அப்புறம் நம் ஊர்ப் பக்கத்து வேலை. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இதே கேள்வியோடு இருக்கும் பிள்ளைகளுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

காசு கட்டிப் போகும் முகாம்களை முதலில் முடித்துவிடுகிறேன், எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு. ஆப்பிரிக்காவில் வேட்டையைத் தடுப்பவர்கள் யார்? தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய பலூலே காப்பகத்தில் 2013-ல் ‘பிளாக் மாம்பாஸ்’ என்ற பெண்கள் படை தொடங்கப்பட்டது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள், கையில் துப்பாக்கி கிடையாது. வேலியோரம் நடந்து ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள், சுருக்குக் கம்பிகளை அகற்றுவார்கள், ஊர்ப் பள்ளிகளில் பேசுவார்கள். 2015-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் விருது அவர்களுக்குக் கிடைத்தது. அந்த மண்ணும் மொழியும் அவர்களுடையவை. அந்தச் சம்பளத்தில் ஊரில் அடுப்பெரிகிறது. மூன்று வாரத்துக்குப் போகிறவர் அந்த இடத்தில் என்ன செய்துவிட முடியும்?

எல்லா முகாமும் ஏமாற்று என்று சொல்லவில்லை. காவலர்களின் சம்பளத்துக்கும் வண்டி டீசலுக்கும் உண்மையிலேயே பணம் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் சிங்கக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம், மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்யும் இடத்தை அப்படியே கடந்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் ‘தாயில்லாக் குட்டி’ என்று சொல்லித் தன்னார்வலர்களிடம் வளர்க்கக் கொடுத்த குட்டிகள், வளர்ந்ததும் வேலிக்குள் விட்டுச் சுடும் வேட்டைக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் போன கதை ஊரறிந்தது. அந்தத் தொழிலை நிறுத்தும் முடிவை அந்நாட்டு அரசு 2021-ல் அறிவிக்க வேண்டிவந்தது. பாசத்தோடு பால் கொடுத்த பிள்ளைகளுக்கு, தாங்கள் அந்தத் தொழிலுக்குக் கூலியில்லா ஆளாக இருந்தோம் என்பதே தெரிந்திருக்காது. நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

விசா விஷயம் ஒன்றும் உண்டு. சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வ வேலை செய்வது பல நாடுகளில் சட்டமீறல். குற்றத்தைத் தடுக்கப் போகிற ஆள் அப்படி ஒரு தப்பில் சிக்கக் கூடாது.

அடுத்தது ஐ.நா. தன்னார்வலர் பணி. நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான்.

காட்டுக் குற்றம் என்றால் நம் மனதில் வருவது துப்பாக்கியோடு மரத்துக்குப் பின்னால் நிற்கும் ஆள். அவன் சங்கிலியின் முதல் கண்ணிதான். அவனுக்குப் பின்னால் முன்பணம் கொடுப்பவர், போலி அனுமதிச் சீட்டு அடிப்பவர், கன்டெய்னரில் ஏற்றுபவர், பணத்தைச் சுற்றவிடுபவர் என்று நாடு தாண்டி நீளும். அந்த நீளத்தைப் பிடிக்கத்தான் 2010-ல் சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) செயலகம், இன்டர்போல், வியன்னாவில் இருக்கும் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம், உலக வங்கி, உலகச் சுங்க அமைப்பு ஆகிய ஐந்தும் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. ஐ.நா. குற்றத் தடுப்பு அலுவலகம் 2024-ல் வெளியிட்ட உலக வனவிலங்குக் குற்ற அறிக்கை, 2015 முதல் 2021 வரை 162 நாடுகளிலும் பிரதேசங்களிலும் நடந்த பறிமுதல்களைப் பார்த்தது. சிக்கியவை சுமார் 4,000 உயிரின வகைகள், தாவரங்களும் சேர்த்து.

ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்கும் ஐ.நா. தன்னார்வலர் திட்டம், இப்படிப்பட்ட அலுவலகங்களுக்கு ஆள் அனுப்புகிறது. அங்கே காத்திருப்பது பெரும்பாலும் மேசை வேலை: அரசு வழக்கறிஞர்களுக்கும் சுங்க அலுவலர்களுக்கும் பயிற்சி ஏற்பாடு செய்வது, அந்த நாட்டுச் சட்டத்தில் எங்கே ஓட்டை என்று படித்து எழுதுவது, பறிமுதல் விவரங்களைத் திரட்டுவது. காட்டுக்குள் போகும் வேலை குறைவு. அக்கா மகள் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கோ, சட்டம் படித்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது என்றுதான் தோன்றியது.

காசு விஷயத்தில் இது முகாமுக்கு நேர் எதிர். இங்கே நாம் எதுவும் கட்டுவதில்லை. அவர்கள் மாதா மாதம் வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை, பயணச் செலவு, மருத்துவக் காப்பீடு, விடுப்பு எல்லாம் தருகிறார்கள். விண்ணப்பத்துக்கென்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி, சந்தேகமே வேண்டாம்.

தடை வேறு இடத்தில். வெளிநாட்டுக்கு அனுப்பும் நிபுணர் பிரிவுக்கு 27 வயதும் மூன்று வருட அனுபவமும் கேட்கிறார்கள். 18 முதல் 26 வயது வரைக்கும் இளைஞர் பிரிவு ஒன்று உண்டு. ஆனால் அதில் பல இடங்களுக்கு ஏதாவது ஒரு நாட்டு அரசு தன் குடிமக்களுக்காகவே பணம் கட்டியிருக்கும், நம் பிள்ளைகளுக்குக் கதவு குறுகல். பிரெஞ்சு தெரிந்தால் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பணிகளில் வாய்ப்பு கூடும். ஆக, அவளுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதை எதைக் கொண்டு நிரப்புவது?

(வியன்னாவில் இன்டர்ன்ஷிப்பும் உண்டு. சம்பளம் கிடையாது, ஐரோப்பாவில் வீட்டு வாடகை நாமே கட்ட வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது எட்டாது. அந்த வரியை அடித்துவிட்டோம்.)

இணைய வழி வேலைக்கு வயது 18 போதும். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்திலேயே இணையப் பிரிவு இருக்கிறது. அதிகபட்சம் வாரம் 20 மணி நேரம், 12 வாரம் வரை. மொழிபெயர்ப்பு, ஆய்வு, தரவு ஒழுங்கு, வரைகலை என்று பல வேலை. வெளிநாட்டு அமைப்பு ஒன்றுக்கு நான் இப்படி ஒருமுறை ஒரு கையேட்டைத் திருத்திக் கொடுத்தேன். இரவு பத்துக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். கேள்வி கேட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும். எழுதியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த வெறுமைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் இதில் தமிழ் தெரிந்தவருக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. சமூக ஊடகங்களில் உயிரினங்களை விற்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதில்லை. ‘மண்ணுளி கிடைக்கும்’, ‘அலுங்கு (எறும்புத்தின்னி) செதில்’ என்று தமிழில், அதிலும் பாதி மறைத்துப் போடுகிறார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்து தேடுபவர் கண்ணில் அது படாது. நம் கண்ணில் படும். பார்த்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடும் சுட்டியோடும் உரிய துறைக்கு அனுப்பினால் போதும். வாங்குகிறவர் போல நடித்து விலை பேசக் கூடாது. அது வழக்கையும் கெடுக்கும், நம்மையும் சிக்கவைக்கும்.

சரி, நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

மதுரையிலிருந்து மூன்று மணி நேர பஸ் தூரத்தில், ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் கடலோர ஊர் மண்டபம். மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை (கடலடி மண்ணில் ஊரும் மெத்தென்ற உயிரினம்) பிடிப்பது இந்தியாவில் 2001 முதல் குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. தண்டனை மூன்று வருடத்தில் தொடங்கி ஏழு வருடம் வரை. கடல் தாண்டி இலங்கையிலோ உரிமம் வாங்கினால் பிடிக்கலாம். ஒரே கடல், இரண்டு சட்டம். அதனால் இங்கே பிடித்து, அவித்து, காயவைத்து, இரவில் படகேற்றி அக்கரை சேர்த்தால் கள்ளச் சரக்கு நல்ல சரக்காகிவிடுகிறது. அங்கிருந்து கிழக்காசியச் சந்தை. இது சர்வதேசக் குற்றம்தானே? பாஸ்போர்ட் இல்லாமலே அதன் முதல் கண்ணியில் நாம் நிற்கிறோம்.

மேற்கே போனால் சாப்டூர் மலை. அது 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வடக்கே கடவூர், 2022-ல் தேவாங்குகளுக்கென்றே சரணாலயம் ஆன இடம். ஊருக்குள்ளே கேட்டால், மீனாட்சி கையில் கிளி ஏந்தி நிற்கும் ஊரில் கூண்டுக்கிளி வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பல வீடுகளுக்கு இன்னும் தெரியாது.

இங்கே தன்னார்வலர் என்ன செய்யலாம்? மத்திய அரசின் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் 2007-ல் அமைக்கப்பட்டது. சென்னையில் மண்டல அலுவலகமும் ராமநாதபுரத்தில் எல்லைப் பிரிவும் உண்டு. தகவல் தரும் தன்னார்வலர்களை அது பதிவு செய்துகொள்கிறது. மாநில அரசு நியமிக்கும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் பதவி, பல வருடம் களத்தில் இருந்தவர்களுக்கு வருவது. சோதனை போடவோ கைது செய்யவோ நமக்கு அதிகாரம் இல்லை.

ஆனால் யாரும் விரும்பாத ஒரு வேலை இருக்கிறது: பறிமுதல் மகஜரில் சாட்சிக் கையெழுத்து. வனவர் சரக்கைப் பிடித்த இடத்தில் இரண்டு பேர் நின்று பார்த்து, எடை போட்டதையும் முத்திரை வைத்ததையும் உறுதிசெய்து கையெழுத்திட வேண்டும். இரண்டு மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்துக்கு வந்து அதையே சொல்ல வேண்டும். டீக்கடையிலிருந்து கூப்பிட்டு வந்த சாட்சி அன்றைக்குப் பிறழ்ந்துவிட்டால் வழக்கு முடிந்தது. மூன்று வாரக் காட்டுப் பயணத்தைவிட, மூன்று வருடம் கழித்தும் கூண்டேறி நிற்கும் ஒரு சாட்சி பெரிய உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டம் படித்தவளுக்கு இன்னொரு வழியும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 55: அறுபது நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு, சாதாரணக் குடிமகனே நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். இந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் மிகக் குறைவு.

உள்ளூர் வேலையின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. உதவித்தொகை இல்லை, பஸ் காசுகூட நம்முடையது. நான் ஓர் அலுவலகத்துக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. வெளிநாட்டில் வேலை முடிந்தால் விமானம் ஏறிவிடலாம். இங்கே தகவல் கொடுத்தது யார் என்று கசிந்தால் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும். இன்னொரு சங்கடம், பிடிபடுகிறவர் பெரும்பாலும் முத்துக் குளித்த காலத்திலிருந்து கடலை நம்பி வாழும் ஏழைக் குடும்பத்து ஆள். சரக்கின் சொந்தக்காரர் படகில் இருக்கவே மாட்டார்.

விடிவதற்குள் ஒரு வரிசை எங்களுக்குப் பிடிபட்டது. முகாம் வேண்டாம், நகையும் அக்கா கழுத்திலேயே இருக்கட்டும். இப்போதிலிருந்து உள்ளூர் வேலை, கூடவே வருடத்துக்கு ஒன்றிரண்டு இணையப் பணி, ஞாயிறுகளில் பிரெஞ்சு. 27 வயதில் ஐ.நா. விண்ணப்பம் போடும்போது ‘அனுபவம்’ என்ற கட்டத்தில் எழுத அவளிடம் உண்மையான வழக்குகள் இருக்கும். முகாமில் எடுத்த படம் அந்தக் கட்டத்தை நிரப்பாது.

போன மாதம் அவள் ஒரு நீதிமன்றத்தில் கடல் அட்டை வழக்கு விசாரணையை உட்கார்ந்து பார்த்தாள். மகஜரில் எத்தனை கிலோ என்று இருந்ததாம், எந்த இனம் என்று இல்லையாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வைத்தே ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று மண்டபத்தில் இருக்கிறது. காய்ந்த அட்டையைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. அவர்களிடம் கேட்டு, பறிமுதல் செய்யும் இடத்தில் என்னென்ன குறிக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில், தமிழில், வனக்காப்பாளர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஐ.நா. அலுவலகம் ஆப்பிரிக்க வழக்கறிஞர்களோடு சேர்ந்து எழுதும் கையேடுகளும் இதே வகைதான். சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் மண்டபம் கிளம்புகிறாள், நானும் போகிறேன்.