ஒற்றைத் தலைவலிக்கு பயோஃபீட்பேக்: மண்டபத்தில் மூன்று வருடத்துக்கு மேலான அனுபவம்

உடம்பில் நடப்பதை ஒரு மெஷின் அளந்து காட்ட, அதைப் பார்த்து உடம்பைத் தளர்த்தப் பழகும் பயோஃபீட்பேக் என்ற முறையை ஒற்றைத் தலைவலிக்காக மூன்று வருடத்துக்கு மேலாகப் பழகி வருகிறேன். வலி அடியோடு போய்விடவில்லை. ஆனால் முன்பு மாதத்தில் பாதி நாளைத் தின்றுகொண்டிருந்தது, இப்போது நாலைந்து நாளோடு நிற்கிறது. வந்தாலும் வாந்தி வரை போவது குறைவு. இதை எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், எது உதவியது, எது உதவவில்லை, எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதிவிடுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். எனக்கு வலியைக் கிளப்பும் எல்லாமே இந்த ஊரில் இருக்கின்றன. தென்கடல் மணலில் பட்டுக் கண்ணைக் குத்தும் வெயில், கச்சான் காற்றோடு வரும் கருவாட்டு வாடை, நேரத்துக்குச் சாப்பிடாமல் போவது, எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம் கெடுவது. படகு கடலில் இருக்கிற ராத்திரியில் எனக்குக் கண் மூடாது. இலங்கை நேவி பிடித்துவிட்டது என்று ஏதாவது ஒரு வீட்டுக்கு போன் வந்துகொண்டேதான் இருக்கிறது. காலையில் படகு வந்து சேர்ந்து, மனசு சற்று இறங்கிய பிறகு, மதியம்போல வலப்பக்க நெற்றிப்பொட்டில் தொடங்கும். பதற்றம் இருக்கும்போது வராமல் அது தணிந்த பிறகு வருவது ஒற்றைத் தலைவலியில் சகஜம் என்று மதுரையில் நரம்பியல் மருத்துவர் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். எங்கள் ஊரில் தலைவலி என்றால் பெட்டிக்கடையிலேயே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், கலவை மாத்திரையோ ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையோ 10 நாளுக்கு மேல், மாதக்கணக்கில் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். என் வலியில் ஒரு பங்கு அதுதான். முதலில் அதை நிறுத்தச் சொல்லி, தடுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, அதே கட்டடத்தில் இருந்த மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். பயோஃபீட்பேக் அங்கே தொடங்கியது. ஆகவே என் வலி குறைந்ததில் மருந்துக்கும் பங்கு உண்டு, கடை மாத்திரையை விட்டதற்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் மெஷின் கணக்கில் எழுத மாட்டேன்.

மெஷின் உங்களுக்கு எதையும் செலுத்துவதில்லை. கரண்ட் வைப்பார்களா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். இல்லை. உடம்பில் நடப்பதை அளந்து திரையில் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. நெற்றியில் ஒட்டும் சென்சார் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கோடாகக் காட்டும். விரல் நுனியில் கட்டுவது தோலின் சூட்டைக் காட்டும். காதுமடலில் மாட்டும் கிளிப் நாடித்துடிப்பைக் காட்டும். கோட்டைப் பார்த்துக்கொண்டே தாடையைத் தளர்த்தினால் கோடு இறங்கும், அங்கே ஏதோ பிடிபடும். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே கணக்கு எழுதுகிறேன் என்பது நெற்றிக் கோடு காட்டித்தான் எனக்குத் தெரிந்தது.

விரல் சூட்டுக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பதற்றத்தில் கை கால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், விரல் குளிர்ந்துபோகும். உடம்பு தளர்ந்தால் குழாய்கள் விரிந்து விரல் சூடாகும். அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்து டொபீக்கா நகரில் மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீனும் அவரோடு இருந்தவர்களும் 1960களின் கடைசியில் இதை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கையைச் சூடாக்கப் பழகிய ஒரு பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி விட்டதைக் கவனித்தார்கள். அங்கிருந்து தொடங்கிய சிகிச்சை இது. 2000ல் அமெரிக்காவின் தலைவலி வழிகாட்டு நெறிகளில், ஒற்றைத் தலைவலியைத் தடுக்கத் தளர்வுப் பயிற்சியோடு சேர்ந்த விரல் சூட்டுப் பயிற்சிக்கும், தசைப் பயிற்சிக்கும் உயர்ந்த தரச் சான்று கொடுத்தார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் இது பெரிய விஷயம்.

இனி எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத ஒரு சங்கதி. விரல் சூட்டுப் பயிற்சி குளிர்ந்த அறைக்கு உண்டானது. ஏசி அறையில் என் விரல் 27 டிகிரியில் தொடங்கி 33, 34 வரை ஏறும். ஏறுவது கண்ணுக்குத் தெரியும், சந்தோஷமாக இருக்கும். அதையே சித்திரை மாதத்தில் மண்டபத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால், தொடக்கமே 34. ஏறுவதற்கு இடமே இல்லை. கை சூடாக இருக்கிறது, ஆனால் அது வெயிலின் சூடு, தளர்வின் சூடு இல்லை. வியர்வையை அளக்கும் சென்சாரும் இந்த உப்புக் காற்றில் அப்படித்தான், சும்மா இருக்கும்போதே உச்சத்தில் நிற்கும். உளவியலாளரிடம் சொன்னபோது அவர் உடனே முறையை மாற்றினார். விரல் சூட்டை மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று அடிக்கும் விடிகாலைக்கு என்று ஒதுக்கிவிட்டு, மற்ற நாளுக்கு நெற்றித் தசையும் நாடித்துடிப்பும் என்று பிரித்துக் கொடுத்தார். கடற்கரையில் இருப்பவர்கள் பயோஃபீட்பேக் தொடங்கினால் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். ஏசி அறையில் கற்றது வீட்டில் வரவில்லையே என்று மனம் விட்டுப்போய் பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

நாடித்துடிப்புப் பயிற்சிதான் எனக்கு நிலைத்து நின்றது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு என்ற கணக்கில் வந்தால் இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகி, திரையில் அலை ஒழுங்காக வரும். ஆளுக்கு ஆள் நாலரையிலிருந்து ஆறரை வரை மாறும். எனக்கு எது சரி என்று மெஷின் வைத்துக் கண்டுபிடித்தார்கள், ஐந்தரையில் நின்றது. ரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் உடம்பின் ஏற்பாடு அந்தத் தாளத்தில் நன்றாக வேலை செய்யும் என்பது இதன் அடிப்படை.

படகு கடலில் இருக்கும் ராத்திரிகளில் பாயில் படுத்துக்கொண்டே இதைச் செய்வேன். கவலை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவலை அங்கேயேதான் இருக்கும், எங்கள் கவலைக்குக் காரணம் நிஜமானது. ஆனால் தோளும் தாடையும் இறுகாமல், ஒரு மூன்று மணி நேரமாவது தூக்கம் வரும். மறுநாள் மதியத்து வலிக்கும் வராத வலிக்கும் வித்தியாசம் அந்த மூன்று மணி நேரத்தில் இருக்கிறது.

பலன் இருக்கிறதா என்று பார்க்க நோட்டில் எழுதிவையுங்கள். என்றைக்கு வலி, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, தூக்கம் எப்படி, மாதவிடாய் எப்போது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு இல்லாத கஷ்டம் இருந்தாலும், வீட்டுக்காரர் கரையில் இருப்பதால் எனக்குத் தூக்கம் நன்றாக வரும், வலி தானாகவே குறையும். மார்ச்சில் சிகிச்சை தொடங்கி மே மாதம் பலன் பார்த்தால் மெஷின் அதிசயம் செய்ததுபோலத் தெரியும். அதனால் தடைக்காலத்தை முந்தைய வருடத் தடைக்காலத்தோடும், ஐப்பசியை ஐப்பசியோடும் ஒப்பிட்டேன். அப்படிப் பார்த்தும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வாங்கிய சிறிய கருவியைப் பற்றி: காதில் மாட்டும் கிளிப், போனோடு சேரும். உப்புக் காற்றில் கிளிப்பின் உலோகப் பகுதியும் சொருகுமுனையும் பச்சை பூத்துவிட்டன. விற்ற கடை, ஈரம் பட்டதால் வாரண்டி கிடையாது என்று கைவிரித்துவிட்டது. இரண்டாவது கிளிப்பை அரிசியும் சிலிக்கா பொட்டலமும் போட்ட மூடி டப்பாவில் வைக்கிறேன், இன்றுவரை நன்றாக இருக்கிறது. உண்மையில் இப்போது அது அதிகம் தேவைப்படுவதில்லை. சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகுவோமே, பழகிய பிறகு அதை அவிழ்த்துத்தானே ஆக வேண்டும். மாதத்தில் ஒருமுறை கிளிப்பை மாட்டி, தாளம் தப்பவில்லையே என்று பார்த்துக்கொள்வதோடு சரி. கருவியை வருடக்கணக்கில் கட்டிக்கொண்டே இருக்கச் சொல்லும் இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

என் மாமியாருக்கு பிரஷர். விரலில் ஒயர் கட்டி நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏத்தா, காய்ச்சலா?" என்று கேட்டவர், அப்புறம் தானும் மூச்சுப் பயிற்சிக்கு உட்கார்ந்தார். அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, தூக்கமும் வருகிறது என்கிறார். ஆனால் அவர் மாத்திரையில் கை வைக்கவில்லை, வைக்கவும் விட மாட்டேன். கருவாடும் ஊறுகாயும் குறைத்ததில் கிடைத்த பலன் மூச்சில் கிடைத்ததைவிடப் பெரிது என்றே நினைக்கிறேன்.

இப்போது, மூளை அலையை அளந்து திரையில் காட்டிப் பழக்கும் மூளை அலைப் பயிற்சிக்கு வருகிறேன். நியூரோதெரபி, நியூரோஃபீட்பேக் என்று போர்டு பார்ப்பீர்கள். நியூரோதெரபி என்ற பெயரில் காலால் அழுத்திச் செய்யும் சிகிச்சையும் இந்தியாவில் இருக்கிறது, அது வேறு வகை, உள்ளே போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மூளை அலைப் பயிற்சியின் கதை உண்மையிலேயே அருமையானது. 1960களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பாரி ஸ்டெர்மன், பால் கொடுத்துப் பூனைகளுக்கு ஒரு குறிப்பிட்ட மூளை அலையைக் கூட்டப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளின் நச்சை வைத்து வேறொரு சோதனை நடந்தபோது, பழகிய பூனைகளுக்கு வலிப்பு எளிதில் வரவில்லை. அங்கிருந்து வலிப்பு நோயாளிகளுக்கும், 1970களில் கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்கும் இது போனது.

கதை அருமை என்பதற்காகப் பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட முடியாது. என் நாத்தனார் மகனுக்கு படிப்பில் மனம் நிற்கவில்லை என்று ஒரு சென்டரில் 40 சிட்டிங் முன்பணமாகக் கேட்டார்கள். படகுக்கு வாங்கிய கடனே அடையாத வீடு அது. நான் வேண்டாம் என்று தடுத்தேன். அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுள்ள 140க்கு மேற்பட்ட துறுதுறுப்புள்ள பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மைப் பயிற்சியும் மறு குழுவுக்குப் போலிப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் முன்னேறியது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூக்கமின்மைக்கு ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட சோதனையிலும் இதே கதைதான். பிள்ளையோடு தினமும் ஒருவர் உட்கார்ந்து, பாராட்டி, கவனித்ததே பலன் தந்திருக்கலாம். அதை வீட்டிலேயே கொடுக்கலாம். கண் பார்வை, காது, தூக்கம், பள்ளியில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். பையனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. இன்னும் துறுதுறுப்பு இருக்கிறது, அதற்குக் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுகிறார்கள்.

ஏர்வாடி எங்கள் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதனால்தான் "தம்பிக்கு குரல் கேக்குதாம்க்கா, இந்த மெஷின் வச்சுப் பாக்கலாமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது. வேண்டவே வேண்டாம். அந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள் போகட்டும், அங்கேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த தவா–துவா திட்டத்தில் அரசு மனநல மருத்துவரும் பார்க்கிறார். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

அதேபோல, திடீரென்று இடி விழுந்ததுபோல் வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, இவற்றுக்கு மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காராதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போங்கள்.

கடைசியாகப் பெண்களுக்கு. பாசி எடுக்கப் போகும் அக்காமார், கம்பெனியில் நின்றபடியே மீன் வெட்டும் பெண்கள், இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர்கள், இருமினாலும் கூடையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது என்பதை வெளியே சொல்வதில்லை. தலைவலிக்காக அலைந்தபோதுதான் இதற்கும் பயிற்சி உண்டு என்று எனக்குத் தெரிந்தது. இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அது. 2020ல் பிரிட்டனில் 600 பெண்களிடம் நடந்த சோதனையில், மெஷின் வைத்துச் செய்தாலும் வைக்காமல் செய்தாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. அதனால் கருவி வாங்க வேண்டியதில்லை, சரியாகச் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஆள் போதும். மலம் கழிக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்வதால் வரும் தீராத மலச்சிக்கலுக்கு மட்டும் பயோஃபீட்பேக் மலமிளக்கியைவிட நன்றாக வேலை செய்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன, அதற்குக் குடல் மருத்துவரைக் கேளுங்கள். கசிவுக்குப் பிசியோதெரபி பிரிவில் போய்ப் பெண் பிசியோ வேண்டும் என்று கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட ஒருத்தியை அழைத்துப் போங்கள். எங்கள் கம்பெனியில் நாங்கள் ஒரு ஆட்டோவில் சேர்ந்தே போனோம்.