20 லிட்டரா, 80 லிட்டரா? சின்னப் பவளத் தொட்டியில் காசு போகும் வழிகள்

உப்புநீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "சின்னதா ஆரம்பிச்சா செலவு குறையுமில்ல?" என்றுதான். வாங்குகிற அன்றைக்குக் குறையும். கண்ணாடி சின்னது, ஒரு விளக்கு போதும், கைக்கு அடக்கமான பம்பு போதும். ஆனால் பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டியில் காசு மூன்று வாசல் வழியாக வெளியே போகிறது. ஆரம்பச் செலவு ஒன்று. உப்பு, வடிகட்டி, மின்சாரம் என்று மாதாமாதம் ஒழுகுவது இன்னொன்று. செத்துப்போன மீனுக்கும் பவளத்துக்கும் பதிலாகத் திரும்ப வாங்குவது மூன்றாவது. செலவுப் பட்டியல் போடுகிறவர்கள் முதல் இரண்டைத்தான் எழுதுகிறார்கள். பாதியில் கைவிடுகிறவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். அதனால் கீழே எல்லாத் தேர்வுகளையும் அந்த மூன்றையும் மனதில் வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

20 லிட்டரும் 80 லிட்டரும்

கடல்நீரின் உப்பு அளவு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் குறைந்தால் 35 என்பது ஏறக்குறைய 36.8 ஆகிவிடும். 80 லிட்டர் தொட்டிக்கு மேற்பரப்பு அதிகம், ஆகவே இரண்டு லிட்டர் போனதாகவே வைத்துக்கொள்வோம், அப்போதும் 35.9தான். ஒரு நத்தை பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தால் வெளியாகும் அம்மோனியா இரண்டிலும் ஒரே அளவு, ஆனால் சின்னத் தொட்டியில் அதன் செறிவு நான்கு மடங்கு. ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டால் 20 லிட்டர் சூடேறும் வேகத்தைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 20 லிட்டருக்கு வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவது என்றால் இரண்டே லிட்டர். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் நான்கு கிலோ உப்பைத் தாண்டாது. 80 லிட்டருக்கு அதுவே ஏறக்குறைய 15 கிலோ. ஏதாவது கெட்டுப்போனால் சின்னத் தொட்டியில் பாதித் தண்ணீரை ஒரே வாளியில் மாற்றிவிடலாம். இந்தச் சௌகரியத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. தினமும் குறைந்த தண்ணீரைப் பார்த்து நன்னீர் ஊற்றத் தயங்காதவருக்கு, மீனே இல்லாமல் பவளமும் ஓர் இறாலும் மட்டும் போதும் என்பவருக்கு, 20 லிட்டர் உண்மையிலேயே மலிவான தொட்டி. மீன் வேண்டும் என்றால் அல்ல. ஒரு ஜோடி கோமாளிமீனை அதில் அடைப்பது மீனுக்கும் கொடுமை, தண்ணீருக்கும் கொடுமை.

என் தேர்வு 60 முதல் 80 லிட்டர் வரை. 150ஐத் தாண்டினால் விளக்கு, பம்பு, ஸ்டாண்டு எல்லாமே அடுத்த படிக்கு ஏறிவிடும். 80 லிட்டரே பாறை, மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 100 கிலோவைத் தொட்டுவிடும் என்பதால், இருக்கிற மேசை மேல் வைத்துவிடலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம்.

புது செட்டா, பழைய தொட்டியா

பின்பக்கம் அறைகள் வைத்து, பம்பு, விளக்கோடு வரும் ஆல்-இன்-ஒன் தொட்டிகளில் யோசிக்கிற வேலை குறைவு. பார்க்கவும் அழகு. அவற்றின் விலையில் கணிசமான பங்கு அந்த அழகுக்குத்தான். விலை குறைந்த மாடல்களில் கூடவே வரும் விளக்கு கல் எலும்பில்லாத சாஃப்ட் பவளத்துக்கு ஒப்பேறும், அதற்கு மேல் போக ஆசைப்பட்டால் விளக்கை மாற்ற வேண்டியிருக்கும். கழற்றிப் போட்ட பழைய விளக்கும் காசுதானே.

நேர் எதிரே நிற்பது, தொட்டி வைப்பதை விட்டுவிடுகிற ஒருவரிடமிருந்து எல்லாவற்றையும் மொத்தமாக வாங்குவது. சேமிப்பு என்று பார்த்தால் இதற்கு ஈடே இல்லை. கண்ணாடி, விளக்கு, பம்பு, உயிரோடு இருக்கிற பாறை எல்லாம் புதுச் செட்டின் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்தத் தொட்டியில் எப்போதாவது தாமிர மருந்து போட்டீர்களா? மீன் நோய்க்குத் தாமிரம் நல்ல மருந்து, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் அது விஷம். பாறை அதை உறிஞ்சி வைத்திருந்து பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். பதில் மழுப்பலாக வந்தால் குறைந்தபட்சம் பாறையையும் மணலையும் விட்டுவிடுங்கள்.

தொட்டியைக் கொண்டுவந்ததும் சிலிக்கான் ஒட்டு உரிந்திருக்கிறதா பார்த்து, வெளியே ஒரு சமதளத்தில் தண்ணீர் நிரப்பி ஓரிரு நாள் விட்டுவைக்க வேண்டும். பாறையை ஈரம் காயாமல் தொட்டித் தண்ணீரிலேயே எடுத்து வரவேண்டும். பழைய மணலை அப்படியே கொட்டாதீர்கள். வருடக்கணக்கில் அடியில் படிந்த அழுக்கு கிளறப்பட்டால் புதுத் தொட்டி முதல் நாளே நாறிவிடும். ஹீட்டரைப் பழையதாக வாங்க வேண்டாம். தேதி தாண்டிய டெஸ்ட் கிட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

லைவ் ராக், ட்ரை ராக்

உயிர்கள் குடியிருக்கும் பாறையா (லைவ் ராக்), உலர்ந்த வெறும் பாறையா (ட்ரை ராக்) என்பது பழைய சண்டை. 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த பாறை, கடல்நீர், காற்றுக் குமிழி, இவற்றை மட்டும் வைத்துப் பவளம் வளர்த்துக் காட்டினார். வடிகட்டி வேலையைப் பாறையில் குடியிருந்த நுண்ணுயிர்களே பார்த்துக்கொண்டன. பின்னால் ஜெர்மனியில் அதோடு அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் சேர்ந்து பெர்லின் முறை ஆயிற்று. இன்றைய வீட்டு ரீஃப் தொட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டின் வாரிசுகள். இதைச் சொல்லக் காரணம், பாறையைப் பலர் அலங்காரப் பொருளாக நினைத்து வாங்குகிறார்கள். தொட்டியின் முதன்மை வடிகட்டியே அதுதான்.

லைவ் ராக் விலை அதிகம். ஆனால் பாக்டீரியா, ஊதாநிறக் கோரலைன் பாசி, குட்டிக் குட்டிப் புழு பூச்சிகள் என்று ஓர் ஊரே கூட வரும். அந்த ஊரில் ரவுடிகளும் உண்டு: ஐப்டேசியா என்ற கொட்டும் கடல் அனிமோன், ராத்திரியில் கண்ணாடியைத் தட்டும் மேன்டிஸ் இறால். ட்ரை ராக் விலை குறைவு, பூச்சித் தொல்லை இல்லை, கடல் பாறையைப் பெயர்த்த பாவமும் இல்லை. அதற்கான விலையை நாட்களில் கட்ட வேண்டும். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும் சுழற்சி நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். அது முடிந்த பிறகும் முதலில் பழுப்புநிற டயாட்டம், பிறகு முடிப்பாசி என்று மாதக்கணக்கில் தொட்டி பார்க்கச் சகிக்காது. இந்தக் கட்டத்தில் பதறிப்போய் ஒவ்வொரு பாட்டிலாக வாங்கி ஊற்றுகிறவர்கள், லைவ் ராக் வாங்காமல் மிச்சம் பிடித்ததை அங்கேயே தொலைத்துவிடுகிறார்கள். பாசியை ஒழிக்கிறேன் என்று நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுத்தமாகப் பூஜ்யத்துக்கு இறக்கினால் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற கொழகொழப்பு வந்து உட்காரும். பாசியே பரவாயில்லை என்று தோன்றிவிடும்.

இரண்டையும் கலப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முக்கால் பங்குக்கு மேல் ட்ரை ராக், அதோடு நம்பகமான தொட்டியிலிருந்து வந்த கையளவு லைவ் ராக் ஒன்றிரண்டு. அந்தத் துண்டுகளைத் தனி வாளியில் சில நாள் வைத்து என்ன ஊர்ந்து வெளியே வருகிறது என்று பார்த்துவிட்டுப் போடலாம்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீர் மலிவு என்பது பொய்க்கணக்கு. குளோரினை நீக்கும் சொட்டு மருந்து அதிலுள்ள பாஸ்பேட்டையும் சிலிக்கேட்டையும் தொடாது. பிறகு மாதக்கணக்கில் பாசியோடு மல்லுக்கட்ட வேண்டும். 20 லிட்டர்க்காரர் ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீரை (கரைந்த உப்புகளையும் அயனிகளையும் நீக்கிச் சுத்திகரித்தது) கேனில் வாங்கிச் சமாளிக்கலாம். 80 லிட்டர்க்காரருக்குச் சொந்த யூனிட் கொஞ்ச நாளில் கட்டுப்படியாகிவிடும். கரைந்த பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கழிவாக வெளியேறும் தண்ணீர் நல்ல தண்ணீரைப் போல மூன்று நான்கு மடங்குகூட வரும் என்பதால் அதைத் துணி துவைக்கப் பிடித்து வையுங்கள்.

ஸ்கிம்மருக்குக் கொடுக்கும் காசை எங்கே போடலாம்

80 லிட்டருக்குள் இரண்டு சின்ன மீன் வைத்திருப்பவருக்கு ஸ்கிம்மர் அவசியமில்லை. வாராந்திரத் தண்ணீர் மாற்றமே அந்த வேலையைச் செய்துவிடும். சம்ப் என்ற துணைத் தொட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகாது. அந்தக் காசை மூன்று பொருளில் போடச் சொல்வேன். ஆவியான அளவுக்கு நன்னீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப். சூடு எல்லை மீறினால் ஹீட்டரைத் துண்டிக்கும் கன்ட்ரோலர். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், அதைச் சரிபார்க்க 35 அளவுள்ள கரைசல். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவுதான், ஆனால் ஊசியில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே தப்பாகக் காட்டும். இந்த மூன்றும் அந்த மூன்றாவது வாசலை அடைப்பவை. ஹீட்டரைப் போல இவற்றையும் கட்டாயம் புதிதாகவே வாங்க வேண்டும்.

சாஃப்ட், எல்.பி.எஸ்., எஸ்.பி.எஸ்.

தொட்டியின் அளவைவிடச் செலவை அதிகம் தீர்மானிப்பது இதுதான். தொட்டியைப் பார்த்துப் பவளம் வாங்குகிறார்கள். பவளத்தை முடிவு செய்துவிட்டுத் தொட்டி வாங்கினால் எவ்வளவோ மிச்சம்.

மஷ்ரூம், ஜோவாந்தஸ், லெதர், ஜீனியா போன்ற சாஃப்ட் வகைகளுக்குக் கல் எலும்பு கிடையாது. ஆகவே தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் அதிகம் உறிஞ்சுவதில்லை. நைட்ரேட் 10 பி.பி.எம். இருந்தாலும் கவலைப்படாது. 50 முதல் 100 பார் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) வெளிச்சம் பெரும்பாலானவற்றுக்குப் போதும், அதாவது நடுத்தர விலை விளக்கே போதும். எதிர்முனையில் அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற எஸ்.பி.எஸ். வகைகள், அதாவது சின்னப் பாலிப் (பவளக் கூட்டத்தின் ஒற்றை உயிர்) கொண்ட கல் பவளங்கள். அவை 250, 300 பார் கேட்கும், பலமான நீரோட்டம் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மாறாத காரத்தன்மை கேட்கும். அக்ரோபோரா நிறைந்த தொட்டியில் ஒரே நாளில் காரத்தன்மை 1 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) கூடக் குறைந்துவிடலாம். 8லிருந்து 7க்கு இறங்கிய தொட்டியில் 8 உள்ள புதுத் தண்ணீரைப் 10 சதவீதம் மாற்றினால் கிடைப்பது 7.1. தண்ணீர் மாற்றியே அதைச் சமாளிக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். குறைவதை அளந்து ஊற்றும் டோசிங் பம்பு வேண்டும், கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை மூன்றுக்கும் டெஸ்ட் கிட் வேண்டும், அவற்றை விடாமல் உபயோகிக்கிற பொறுமையும் வேண்டும்.

ஹாமர், டார்ச் போன்ற எல்.பி.எஸ்., அதாவது பெரிய பாலிப் கொண்ட கல் பவளங்கள், நடுவில் நிற்கின்றன. ஒன்றிரண்டு துண்டு என்றால் தண்ணீர் மாற்றமே தாங்கும். அவை வளர்ந்து பெருகும்போதுதான் டோசிங் பேச்சு வரும். ராத்திரியில் நீளும் கொடுக்கிழைகளால் பக்கத்தில் இருப்பதைக் கொட்டிவிடும் என்பதால் சின்னத் தொட்டியில் இடம் பார்த்து வைக்க வேண்டும். முதல் வருடம் சாஃப்ட், பிறகு ஒரு ஹாமர் என்பதே என் சிபாரிசு.

சாஃப்டிலும் பொறிகள் உண்டு. க்ரீன் ஸ்டார் பாலிப்பைப் பிரதானப் பாறையில் ஒட்டினால் அதுவே தொட்டியை ஆளும், தனிக் கல்லில் தள்ளி வையுங்கள். லெதர் தண்ணீரில் இரசாயனம் கசியவிட்டு மற்றதை ஒடுக்கும். கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் அடங்கும். ஜோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது, அவை ஒட்டிய பாறையை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது. அந்த ஆவியே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும்.

ஜோவாந்தஸிலேயே ஆடம்பரப் பெயர் சூட்டி, ஒரு பாலிப்புக்கு இவ்வளவு என்று விற்பார்கள். பெயர் இல்லாத பச்சை ஆரஞ்சுக் கூட்டம் அதே தொட்டியில் அதே நலத்தோடு வளரும், வளர்ந்ததை வெட்டி மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளவும் முடியும். பெருகியதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் இந்தப் பண்டமாற்றில் ஒரு வருடம் தள்ளினால் பவளத்துக்கென்று பையில் கைவைக்கும் நாட்கள் அரிதாகிவிடும். கல் பவளங்கள் எல்லாமே சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. எல்லை தாண்டி வருபவைக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். உள்ளூர்ச் சட்டம் அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், வாங்குமுன் பார்த்துவிடுங்கள். வீட்டுத் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டு, கடலில் பெயர்த்ததைவிட மலிவாகவும் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியும் இருக்கும்.

மீன்

இங்கே அலசப் பெரிதாக ஒன்றுமில்லை. பண்ணையில் பிறந்த ஓசெல்லாரிஸ் கோமாளி ஜோடி, கடலில் பிடித்ததைவிடச் சற்று விலை கூடினாலும் அதுதான் மலிவு. உலர்தீனியை முதல் நாளே தின்னும், நோயும் குறைவாகக் கொண்டுவரும். மூன்றாவதாகப் பிஸ்டல் இறாலோடு ஒரு கோபி மீனைச் சேர்க்கலாம். இறால் வளை தோண்ட, கோபி வாசலில் காவல் நிற்கும். குதிக்கிற மீன் எதை வைத்தாலும் வலைமூடி போடுங்கள். டாங் வகை 80 லிட்டருக்கு ஆகாது, எவ்வளவு குட்டியாக விற்றாலும். எந்த மீனையும் நேராகத் தொட்டியில் விடாமல், ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஹீட்டர், ஸ்பாஞ்ச் வடிகட்டி வைத்துச் சில வாரம் தனியே கவனியுங்கள். கிரிப்டோகேரியான் என்ற வெண்புள்ளி ஒட்டுண்ணி தொட்டிக்குள் புகுந்துவிட்டால் தாமிரம் போட வழியில்லை. மீனை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு 76 நாள் தொட்டியை வெறுமனே ஓட்டுவதுதான் வழக்கமான தீர்வு. அந்த மீன்களை வைக்க அப்போதும் அந்தப் பிளாஸ்டிக் டப்பாதான் வேண்டியிருக்கும்.