திரும்ப வாசிப்பதா, கொப்பியை மூடிவைத்து எழுதுவதா?

சாதாரண தரப் பரீட்சை (சா/த) நெருங்கினால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். படித்த கையோடு கேட்டால் அதுதான் முந்தும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குப் படித்ததில் 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்ப வாசித்தவர்களுக்கு 42.

எழுத வைக்கப் பாடவேளையின் கடைசி 5 நிமிடம் காணும். கொப்பியை மூடி, ஒளித்தொகுப்புக்குத் தேவையானவற்றை வெற்றுத்தாளில் எழுதட்டும். சூரிய ஒளி வந்துவிடும். காபனீரொட்சைட்டுத்தான் பலருக்கு விடுபடும். பிறகு கொப்பியைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் தாங்களே சேர்க்க வேண்டும். திருத்தாமல் விட்டால் பிழையே பதியும். புள்ளி போடாதீர்கள், போட்டால் பார்த்தெழுதுவார்கள். அடுத்த கிழமையும் அதே கேள்விதான்.

புதுப்பாடத்துக்கு மட்டும் வாசிப்பே முதலில். விளங்காததை எப்படி நினைவுகூருவது?