கம்மங்கூழா, மீனெண்ணெய் மாத்திரையா?

வளர்ந்த பிறகு ஏடிஎச்டி என்ற கவனக் கோளாறு இருப்பது தெரிய வந்தவர்களுக்கு மருந்துச் சீட்டை ஒரு டாக்டர் எழுதுவார். சாப்பாட்டுச் சீட்டை ஊரே எழுதும். சர்க்கரையை நிறுத்து, மைதாவைத் தொடாதே, மீனெண்ணெய் போடு, வல்லாரை அரைத்துக் குடி. நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒரே சமயத்தில் நாலு பையரின் மெயில், டையிங்கில் மாட்டிக்கொண்ட துணி, ஷிப்மென்ட் தேதி என்று தலைக்குள் எப்போதும் இரைச்சல். எனவே இந்த யோசனைகளை ஒன்றுக்கொன்று எதிரே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தினமும் மாறாத ஒரே காலைச் சாப்பாடு என்பதில் வந்து நின்றேன். இனி எழுதுவதெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சாப்பாடு ஏடிஎச்டியைக் குணமாக்காது. மருந்துக்கு இருக்கும் ஆதாரத்தின் பக்கத்தில்கூட எந்த உணவும் வராது. உணவைப் பற்றிய ஆய்வுகளிலும் பெரும்பாலானவை பிள்ளைகளிடம் நடந்தவை.

சர்க்கரையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இனிப்பு தின்றால் பிள்ளைகள் ஆட்டம் போடுவார்கள் என்ற நம்பிக்கையை 1995-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அப்படி எதுவும் தெரியவில்லை. உடம்புக்காகக் குறைப்பது நல்லது. கவனத்துக்காக நாட்டுச் சர்க்கரைக்கு மாறுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது, சந்தேகப்படும் உணவையெல்லாம் விலக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நூறு பிள்ளைகளை வைத்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், உணவை விலக்கிய பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் யார் எந்த உணவில் இருக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு அது. அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடவும் கணக்கு எழுதவும் அம்மாக்கள் இருந்தார்கள். எனக்கு நானேதான் அம்மா. வைகாசியில் வரிசையாகக் கல்யாணம், சீர், கெடா வெட்டு. பந்தியில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு இது வேண்டாமுங்க, அது வேண்டாமுங்க" என்று சொல்லிப் பாருங்கள், பெரியம்மாக்கள் விடுவார்களா என்று.

உண்மையான போட்டி மாத்திரைக்கும் காலைச் சாப்பாட்டுக்கும்தான்.

மீனெண்ணெய்க்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. பிள்ளைகளிடம் சிறிய அளவில் பலன் இருப்பதாக 2011-இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. அதிலுள்ள இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலம் கூடக்கூடப் பலனும் கூடியது. இப்போது குப்பியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், இபிஏ 180, இன்னொரு ஒமேகா-3 ஆன டிஹெச்ஏ 120. இபிஏ ஐந்நூறைத் தொட வேண்டுமானால் தினமும் மூன்று போட வேண்டும். சைவக்காரர்கள் ஆளி விதையை நம்புகிறார்கள். அதில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. உடம்பு அதில் சொற்பத்தைத்தான் இபிஏவாக மாற்றிக்கொள்ளும்.

சத்து மாத்திரைக்குப் பெரியவர்களிடமே நடந்த சோதனை இருக்கிறது. நியூசிலாந்தின் ஜூலியா ரக்லிட்ஜ் குழு 80 பேரிடம் 8 வாரம் நடத்தி 2014-இல் வெளியிட்டது. விட்டமினும் தாதுக்களும் சேர்ந்த மாத்திரை. போட்டவர்களும் உடனிருந்தவர்களும் தேவலை என்றார்கள். டாக்டர்கள் அறிகுறிகளுக்குப் போட்ட மதிப்பெண்ணில் வித்தியாசம் வரவில்லை. இவ்வளவு தூரம் படித்தபோதுகூட எனக்கு ஆசை இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று பார்த்தேன்: பதினைந்து வரை. மூன்று வேளையாகப் பிரித்து.

எனக்கு முடிவைக் கொடுத்தது இந்த எண்ணிக்கைதான். ஒரு வழி நம்மிடம் எத்தனை தடவை ஞாபகத்தைக் கேட்கிறது என்பதை வைத்துத்தான் எங்களைப் போன்றவர்கள் எதையும் எடைபோட வேண்டும். ஞாபகத்தில்தானே கோளாறே. பலன் சற்றுக் கூடுதலாக இருந்து பாதி நாள் மறந்துபோவதைவிட, பலன் குறைவாக இருந்து தானாக ஓடுவது மேல். குப்பி அலமாரிக்குள் போனால் எனக்கு அது இல்லாத பொருள். தீர்ந்தால் வாங்க ஞாபகம் வேண்டும், பகலில் போட ஞாபகம் வேண்டும், போட்டோமா இல்லையா என்பதற்கும் ஞாபகம் வேண்டும்.

கம்மங்கூழ் அப்படி இல்லை. வாரத்தில் இரண்டு தடவை கம்புக் களி கிண்டி உருண்டை பிடித்து, மண்சட்டித் தண்ணீரில் போட்டுவிட்டால் தீர்ந்தது. காலையில் கையை விட்டுக் கரைத்து, உப்பும் மோரும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நின்றபடியே குடிக்கலாம். கூடவே இரண்டு அவித்த முட்டை. முட்டை இல்லாத நாளில் முந்தின இரவு வேகவைத்த கொள்ளு. இன்றைக்கு என்ன செய்வது என்ற கேள்வியே காலையில் எழாது. அந்தக் கேள்வியில்தான் முன்பெல்லாம் என் அரைமணி நேரம் தொலையும். கடைசியில் பேக்கரி டீயும் தேங்காய் பன்னுமாக முடியும்.

மருந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பசியை அடக்கிவிடும். மதியம் சோற்றைக் கண்டாலே வேண்டாம் என்றிருக்கும். அதனால் மாத்திரைக்கு முன்னால் வயிற்றுக்குள் போவதுதான் அன்றைய கெட்டியான சாப்பாடு. "ஒரு வாய் தின்னுபோட்டுப் போ கண்ணு" என்று அம்மா கத்துவதற்கு இப்போது மருத்துவக் காரணமும் கிடைத்துவிட்டது.

கம்பில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டேட்டும் உண்டு. ராத்திரி புளிக்கும்போது அது ஓரளவு உடையும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த லாபமும் பெருமளவு போய்விடும். கோயமுத்தூர், திருப்பூர்க்காரர்களிடம் டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்வது லேசல்ல. எனக்கும் தினமும் வாய்ப்பதில்லை.

கவனத்துக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தை மூளை தயாரிக்க இரும்பு தேவை. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் பலரிடம் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு, குறைவாக இருந்ததை 2004-இல் ஒரு பிரெஞ்சுக் குழு காட்டியது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கலாம். அதோடு பி12, தைராய்டு. இவை கெட்டாலும் கவனம் சிதறும். இந்த ரத்தப் பரிசோதனைகளில் குறை தெரிந்தால் கூழ் போதாது, டாக்டர் சொல்லும் மாத்திரைதான். அந்த இடத்தில் என் கட்சியை நானே விட்டுக்கொடுக்கிறேன். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையைத் தானாக விழுங்கக் கூடாது. தேவைக்கு மிஞ்சினால் அதுவும் கெடுதல்தான்.

மதியம் மூன்று மணிக்கு வரும் எரிச்சலும் மப்பும் எனக்குக் குறைந்திருக்கின்றன. ஆனால் கூழும் மருந்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கியவை. எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. மருந்தே இல்லாமல் சாப்பாட்டை மட்டும் மாற்றிப் பார்த்த அனுபவமும் எனக்கு இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூழின் அளவைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீனெண்ணெய் வேண்டும் என்பவர்கள் குப்பிக்கு முன்னால் மத்தி மீனை யோசிக்கலாம். கோயமுத்தூர் உக்கடம் மார்க்கெட்டில் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்காது, ஞாயிற்றுக்கிழமை குழம்பை யாரும் மறப்பதில்லை. அணை மீனான கட்லா, ரோகுவில் இபிஏ அந்த அளவுக்கு இருக்காது.